கிணற்று மேட்டில் ஒரு ஜனதா

சென்ற ஞாயிறன்று பெங்களூரு ஜாலஹள்ளியில் உள்ள எச்.எம்.டி. அருங்காட்சியகத்துக்குச் சென்றிருந்தேன். உடன் வந்த ஆய்வுத் தோழர், உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வாங்கிய டைவ் வாட்ச் ஒன்றை அணிந்திருந்தார். பேழைக்குள் இருந்த ‘ஜனதா’வையும் அவருடைய மணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகார உற்பத்தி தொடங்கியது. 2016இல் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இடைப்பட்ட காலத்தில் திருமணச் சீராகவும் தேர்ச்சிப் பரிசாகவும் எத்தனையோ வீடுகளுக்குள் அது நுழைந்தது. எங்கள் வீட்டில் தாத்தாவின் ஜனதா அப்பாவின் கைக்கு வந்தது.

ஜனதாவின் கூடு எளிமையானது. பின்மூடி அழுத்தி மூடப்படுவது. முகப்பில் பிளாஸ்டிக் கண்ணாடி. திருகாணி வெறுமனே இழுத்துத் தள்ளுவது. நீருக்கு அது அஞ்சும். தோழருடைய கடிகாரத்திலோ பின்மூடியும் திருகாணியும் மரையிட்டு இறுக்கப்பட்டவை. இணைப்புகளில் ரப்பர் வளையங்கள். முகப்பில் சஃபையர் கண்ணாடி. நீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அதைத் தாங்கவே இத்தனை தடிமன். தொடக்ககால டைவ் வாட்சுகள் பலவற்றில் விளிம்பு வளையம் இருபுறமும் சுழன்றது. இன்று அது ஒருபுறம் மட்டுமே சுழலும். தவறுதலாக இடிபட்டு நகர்ந்தாலும், கழிந்த நேரத்தைக் கூட்டிக் காட்டுமேயன்றிக் குறைத்துக் காட்டாது. மூழ்குபவர் முன்னதாக மேலேறுவார், தாமதிக்கமாட்டார்.

இதை வாசித்தபோது எனக்குக் கிணறு நினைவுக்கு வந்தது. அப்பா கொங்குப் பகுதியில் மோட்டார் பழுது பார்ப்பவர். உறிஞ்சுகுழாயின் அடியில் ஃபுட்வால்வில் சருகு அடைத்துக்கொண்டால், மூச்சடக்கி மூழ்கி நீக்குவார். இறங்குமுன் ஜனதாவைக் கழற்றி என்னிடம் தருவார். “வினாடி முள்ளு ஒரு சுத்து முடிஞ்சும் நான் வரலீன்னா, மாமனைக் கூப்பிடு கண்ணு.” எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஒருநாள் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீர் அசைவற்றுக் கிடந்தது. முள் சுற்று முடிக்கவில்லை. ஆகவே நான் கூப்பிடவில்லை. வெகுநேரம் கழித்து அப்பா மேலே வந்து படியைப் பற்றிக்கொண்டு இருமினார். கால்சட்டை குழாய்க் கவ்வியில் மாட்டிக்கொண்டதாம். “ஏன் கூப்பிடலை?” என்றார். “முள்ளு சுத்தவே இல்லீங்கப்பா” என்றேன். கடிகாரம் நின்றுபோயிருந்தது. முந்தைய நாள் சாவி கொடுக்க மறந்திருந்தோம்.

சாவியே இல்லாத கைக்கடிகாரத்துக்கும் நாம் ‘சாவி கொடுக்கிறோம்’. சுவர்க்கடிகாரத்தோடு வந்த வழக்கு, பொருள் மாறிய பின்னும் நீடிக்கிறது. மொழியியல் வகுப்பில் இதை எடுத்துக்காட்டாகச் சொல்லும்போதெல்லாம் அந்தக் கிணறுதான் என் கண்முன் நிற்கும்.

டைவ் வாட்சுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரவிதியில் ஒரு நிபந்தனை உண்டு: கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது இருளிலும் தெரிய வேண்டும். பலவற்றில் வினாடி முள்ளில் ஒளிரும் புள்ளி இருப்பது இதனால்தான். அழுத்தத்தைத் தாங்கும் கூட்டைவிட இந்த நிபந்தனையே என்னை நெடுநேரம் நிறுத்தியது. நேரம் தெரிவது மட்டும் போதாது. நேரம் நகர்கிறதா என்பதும் தெரிய வேண்டும் என்று யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

அன்றுமுதல் இறங்குமுன் அப்பா தாமே சாவி கொடுத்து, என் காதில் வைத்து ஓசை கேட்கச்செய்த பிறகே கடிகாரத்தைத் தருவார். ஏன் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அன்றிரவு தொலைபேசியில் தோழரின் கடிகாரத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். 200 மீட்டர் ஆழம்வரை தாங்கும் என்றதும் சற்று யோசித்தார்.

“அதையும் கட்டீட்டே தண்ணிக்குள்ள போயிட்டா, மேல நிக்கறவங்க எதைப் பார்க்கறது கண்ணு?”