தேயிலைக் கொழுந்தும் வெண்டளையும்

'தேயிலைத் தோட்டம்' என்று வெண்பாவில் எழுதலாம். 'தேயிலைக் கொழுந்து' என்று எழுத இயலாது. காரணம் எளிது. தேயிலை என்பது கூவிளம். வெண்பாவில் விளச்சீருக்கு முன் நேரசைதான் நிற்கவேண்டும். தோட்டம் நேரில் தொடங்குகிறது. கொழுந்து நிரையில் தொடங்குகிறது. தளை தட்டிவிடும். இதை வகுப்பில் விளக்கியபோது, முதலாளியின் சொல்லுக்கு வெண்பாவில் இடமுண்டு, தொழிலாளியின் சொல்லுக்கு இல்லையா என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. வகுப்பே சிரித்தது. யாப்புக்கு வர்க்கம் கிடையாது என்று கூறிப் பாடத்தைத் தொடர்ந்தோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மோடு உதகையின் பனிக்காலம் முழுவதும் இருந்தது.

நீலகிரியில் தமிழ் கற்பிக்கும் தொழில் சற்று விசித்திரமானது. நம் வகுப்பில் படகு பேசும் பிள்ளைகள் உண்டு. கூடலூர்ப் பக்கத்திலிருந்து மலையாளம் கலந்த தமிழோடு வருவோர் உண்டு. கணிசமானோர் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் மூன்றாம் தலைமுறையினர். 1964 அக்டோபரில் கையெழுத்தான ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கிலும் 3,00,000 பேரை இலங்கையின் கணக்கிலும் எழுதியது. அப்படி வந்தவர்களுக்கு வேலை தரவே 1968இல் இம்மலைகளில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டு, 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயின. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு நாம் யாப்பருங்கலக்காரிகை நடத்துகிறோம். அசை பிரிக்கவும் சீருக்கு வாய்பாடு கூறவும் தேர்வில் கேட்கிறார்கள். ஒரு வெண்பா எழுதிக் காட்டு என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை. நீச்சலைக் கரும்பலகையில் கற்பிப்பது போன்ற ஏற்பாடு இது.

சில ஆண்டுகளுக்கு முன் மூன்றாமாண்டு மாணவி ஒருவர் ஒரு தாளில் சொற்பட்டியல் கொண்டுவந்தார். எல்லாம் அவருடைய அம்மாயி வீட்டில் புழங்கும் சொற்கள்: பிரட்டு, லயம், கங்காணி, கவ்வாத்து, கொழுந்து. பிரட்டு என்பது காலையில் பேர் பதிந்து வேலை பிரித்துத் தரும் கூட்டம். 'பரேடு' கடல் கடந்து தேய்ந்த வடிவம். கவ்வாத்து, நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியின் தலையை வெட்டித் தாழ்த்துவது. இவற்றுக்கு வாய்பாடு சரியா என்று பார்க்கச் சொன்னார். கங்காணியும் கவ்வாத்தும் தேமாங்காய். பிரட்டும் கொழுந்தும் நிரையசையோடு குற்றியலுகரம் சேர்ந்தவை. வெண்பாவின் ஈற்றில் நிற்க உரிமை பெற்ற 'பிறப்பு' என்னும் வாய்பாடு. நாள், மலர், காசு, பிறப்பு என்று நெட்டுருப் போட்ட நான்கில் ஒன்று, ஆயிரக்கணக்கான வெண்பாக்கள் முடிந்த இடம், அவர் அம்மாயியின் வாயில் தினமும் இருந்திருக்கிறது. அன்று 'கூடை நிறைந்த கொழுந்து' என்று ஓர் ஈற்றடி கொடுத்து அனுப்பினோம். இரண்டு நாளில் நான்கு வெண்பாக்களோடு வந்தார். தளை பார்க்க 'அவலோகிதம்' என்னும் யாப்பு மென்பொருளைக் கைப்பேசியில் பயன்படுத்தியதாகச் சொன்னார். அந்தக் கருவி தளையைத்தான் பார்க்கும். கவிதை இருக்கிறதா என்று பார்க்காது. இரண்டு வெண்பாக்களில் இருந்தது.

சிற்றிதழ் படிக்கும் நண்பர்கள் இவ்விடத்தில் புன்னகைப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். 1959இல் 'எழுத்து' தொடங்கி, 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு வெளிவந்து, 1971இல் நம் மலையடிவாரத்துக் கோவையிலிருந்தே 'வானம்பாடி' பறந்து, எல்லாம் முடிந்த பிறகு இன்னும் வெண்பாவா? அவர்கள் கூறுவதில் பாதி உண்மை. மரபுக்கவிதை என்ற பெயரில் திருமண வாழ்த்துகளையும் பணிநிறைவுப் பாராட்டுகளையும் நாமும் போதுமான அளவு கேட்டிருக்கிறோம். எதுகைக்காகவே பிறந்த உவமைகள், தளைக்காக நடுவில் செருகிய 'நன்', 'தான்', 'ஆங்கே'. மாப்பிள்ளை எவராயினும் பாட்டு ஒன்றே. பெயர் மட்டும் மாறும். (பெயரின் அசை மாறினால்தான் புலவருக்குச் சிக்கல்.) ஆனால் இது யாப்பின் நோயன்று. பேச்சு மொழியிலிருந்து ஒதுங்கி நின்றதால் வந்த நோய்.

இலங்கையில் வேறொரு வழி நடந்தது. 'மஹாகவி' எனப்பட்ட து. உருத்திரமூர்த்தி (1927–1971) யாப்பை விடவில்லை. பேச்சோசையை அதற்குள் கொண்டுவந்தார். அடிகளைச் சீரெண்ணி அச்சிடாமல், பேசும்போது நாம் எங்கே நிறுத்துவோமோ அங்கே உடைத்து அச்சிட்டார். படிப்பவருக்கு முதலில் பேச்சு கேட்கும். இரண்டாம் முறைதான் விருத்தம் தெரியும். 1966இல் வெளிவந்த அவருடைய 'குறும்பா', ஆங்கில லிமரிக்கைத் தமிழ் யாப்பில் இறக்கிய நூல். தமிழகத்தில் யாப்பும் நவீனமும் எதிரெதிர்க் கட்சிகளாக நின்ற காலத்தில், அங்கே அவை ஒரே வீட்டில் இருந்தன. நம் பாடத்திட்டங்களில் மஹாகவிக்கு ஒரு மூலையேனும் கிடைத்திருந்தால் இங்குள்ள சண்டை பாதியாகக் குறைந்திருக்கும்.

தூரம் செல்லவும் வேண்டாம். இம்மலையின் தோடர்கள் பாடும் பாடல்களை 1930களில் இங்கே தங்கிக் கேட்டெழுதிய மொழியியலறிஞர் எமனோ, அவற்றை 1971இல் பெருநூலாக வெளியிட்டார். அப்பாடல்களில் ஒரு கூற்று தனித்து நிற்பதில்லை; அதன் இணைக்கூற்று உடன் வரவேண்டும். எந்தத் தொடருக்கு எது இணை என்பதை மரபு வகுத்து வைத்திருக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்றுகொண்டே திருமணம், சாவு, எருமை, அன்றைய நிகழ்ச்சி என எதைப்பற்றியும் புதுப்பாட்டுக் கட்டினார்கள். எழுத்தே இல்லாத மொழியில் நடந்தது இது. கட்டுப்பாடு வாயை அடைக்கும் என்று சொல்வோருக்கு அந்நூலைப் பரிந்துரைக்கிறோம்.

மாணவியிடம் வருவோம். 2022இல் தேயிலைத் தோட்டக் கழகத்தின் நிலங்களில் ஒரு பகுதியை வனத்துறையிடமே திருப்பி ஒப்படைக்க அரசு முடிவெடுத்தது. ஓய்வு பெற்றவர்கள் லயத்து வீட்டை விட்டால் எங்கே போவது என்ற பேச்சு மலையெங்கும் எழுந்தது. அவருடைய அம்மாயி இருப்பது வேறொரு தோட்டம், கேள்வி அதுவேதான். அதைப் பாட அவர் வெண்பாவை விட்டு அகவலுக்குப் போனார். நாம் சொல்லிப் போகவில்லை. அகவலில் விளத்தின் முன் நிரை வரலாம். நிரையொன்றாசிரியத்தளை என்று பெயரே உண்டு. ஆகவே அங்கே 'தேயிலைக் கொழுந்து' இடறாமல் நிற்கிறது. 261 அடிகளில் 99 பூக்களை அடுக்கிய கபிலரின் குறிஞ்சிப்பாட்டும் அகவல்தானே. இவர் அடுக்கியவை பூக்கள் அல்ல. வீட்டைக் காலி செய்யும்போது எடுத்துப்போக வேண்டிய பொருள்கள். கறை படிந்த கூடைக்கயிறு, ரப்பர் சீட்டு, தலைமன்னாரில் ஏறியபோது கொண்டுவந்த தகரப்பெட்டி. 38 அடிகள். ஓரிடத்திலும் அழவில்லை.

அதை ஓர் இலக்கிய இதழுக்கு அனுப்பினார். மரபுக்கவிதைகள் வெளியிடுவதில்லை என்று ஒருவரியில் பதில் வந்தது. மரபுக்கவிதைக்கென்றே நடக்கும் வேறோர் இதழுக்கு அனுப்பினார். 'பிரட்டு' கொச்சை, லகரம் மொழிமுதல் வாராது, 'லயத்து' என்பதை 'இலயத்து' என்று திருத்தினால் பரிசீலிக்கலாம் என்றார்கள். 'லயத்து' புளிமா, 'இலயத்து' புளிமாங்காய். சீர் மாறுவதுகூடப் பெரிதன்று. இலயம் என்று ஒருவரும் சொல்லி வாழ்ந்ததில்லை. மாணவி திருத்த மறுத்துவிட்டார். ஒருவருக்கு அவர் பழமை, மற்றவருக்குக் கொச்சை. எழுதியவருக்கு அது வீடு.

நாம் நகலெடுத்துத் துறையில் சுற்றுக்கு விட்டோம். அவர் அதை அம்மாயிக்குப் படித்துக் காட்டினார். முழுவதும் கேட்ட மூதாட்டி ஒரே ஒரு திருத்தம் சொன்னாராம்: "கொழுந்த யாரும்மா பறிக்கிறது? கொழுந்து எடுக்கிறதுன்னுதான் நாங்க சொல்லுவோம்."

'கொழுந்து பறிக்கும்' இரண்டு சீர், புளிமாவும் புளிமாவும். 'கொழுந்தெடுக்கும்' என்று புணர்ந்தால் ஒரே சீர், கருவிளங்காய். அகவலில் காய்ச்சீர் அருகி வரலாம், அதில் தடையில்லை. ஆனால் அந்த அடியில் இப்போது ஒரு சீர் குறைகிறது. அந்த இடத்தில் வைக்க என்ன சொல் என்று சென்ற வாரமும் அம்மாயியிடம் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.