இனிப்பு நீரும் குடலும்: செங்கிலிருந்து சில குறிப்புகள்

மலாக்காவின் செங் பக்கம் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் காதில் விழும் வார்த்தை ‘கோசோங்’. தே ஓ கோசோங், கொப்பி ஓ கோசோங். சீனி வேண்டாம் என்று கேட்பவர்களில் நம்மவர்கள் நிறைய. “இனிப்பு நீர் இருக்கு, அதான்” என்பார்கள். நீரிழிவுக்கு இங்கே அதுதான் பெயர். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சீனி அதிகம். இந்தியர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் 31.4 விழுக்காடு. 2023 ஆய்வில் நாட்டுக் கணக்கு 15.6 விழுக்காடாக இறங்கியது. அப்போதும் நம்மவர்கள்தான் முன்வரிசையில்.

*

இனிப்பு நீர் வந்தவருக்கு என்னென்ன பயம் என்று கேட்டுப் பாருங்கள். கண் மங்கும், கால் புண் ஆறாது, சிறுநீரகம் போகும், இருதயம் அடைக்கும். இவை எல்லாம் நம் வீடுகளில் பார்த்துத் தெரிந்துகொண்டவை. விரல் எடுத்தவர், டயாலிசிஸ் போகிறவர் என்று ஒவ்வொரு தாமானிலும் ஆள் உண்டு. குடல் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

*

உறவுக்காரர் ஒருவருக்குக் குடல் உள்நோக்கிச் சோதனை (கொலோனோஸ்கோபி) செய்தபோது அறிக்கையோடு வண்ணப் படங்களும் கொடுத்தார்கள். இளஞ்சிவப்பான, ஈரமாகப் பளபளக்கும் குடற்சுவர். அதில் மழைக்காலக் காளான் போலக் காம்போடு ஒரு சின்ன முளை. அடுத்த படத்தில் அதன் காம்பைச் சுற்றி மெல்லிய கம்பி வளையம். அதற்கடுத்த படத்தில் முளை இல்லை, வெளுத்த ஒரு தழும்பு மட்டும். இதற்குப் பெயர் பாலிப். எல்லாப் பாலிப்பும் ஆபத்தில்லை. அடினோமா என்னும் வகைதான் புற்றுக்கு முந்திய வளர்ச்சி. அடினோமாக்களிலும் பெரும்பாலானவை கடைசிவரை புற்றாவதில்லை. மாறுகிறவை மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் அளவில் எடுத்துக்கொள்கின்றன. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தவற்றை மருத்துவர்கள் கூடுதல் கவனத்தோடு பார்க்கிறார்கள்.

வலி கிடையாது. அதுதான் சிக்கல். அவருக்கு உள்ளே இருந்தது அவருக்கே தெரியாது.

*

இனிப்பு நீருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 2005-இல் 15 ஆய்வுகளை, 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 30 விழுக்காடு அதிகம் என்று தெரிந்தது. அடினோமா வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று பின்னால் வந்த தொகுப்பாய்வுகள் காட்டின.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இனிப்பு நீர் இல்லாத கூட்டத்தில் பத்துப் பேருக்குக் குடற்புற்று வந்தால், அதே அளவு இனிப்பு நீர்க்காரர்களின் கூட்டத்தில் பதின்மூன்று பேருக்கு வருகிறது. மற்றவர்களுக்கு வருவதில்லை. பயந்து படுக்க வேண்டிய கணக்கு இல்லை இது. ஆனால் சோதித்துக்கொள்ளப் போதுமான காரணம்.

*

இந்தத் தொடர்புக்குக் காரணம் இன்சுலின் என்பது 1990-களிலிருந்து ஆய்வாளர்கள் சொல்லிவரும் கருத்து. நம்மவர்களுக்கு அதிகம் வருவது இரண்டாம் வகை இனிப்பு நீர். அதன் ஆரம்ப ஆண்டுகளில் உடம்பில் இன்சுலின் குறைவதில்லை, கூடுகிறது. செல்கள் அதன் சொல்லைக் கேட்காததால் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. இன்சுலின் சீனியை மட்டும் கவனிக்கும் சுரப்பு இல்லை. செல்களை ‘வளரு, பெருகு’ என்று தூண்டுவதும் அதன் வேலை. குடலின் உள்தோல் சில நாளுக்கொரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. அங்கே ஏற்கெனவே கோளாறான ஒரு செல் இருந்தால் இந்தத் தூண்டுதல் அதற்கும் போய்ச் சேர்கிறது.

இதற்குப் பக்கத்துச் சாட்சி ஒன்று உண்டு. வளர்ச்சிச் சுரப்பு அளவுக்கு மீறி, கைகால் முகம் பெருத்துப்போகும் அக்ரோமெகாலி நோய்க்காரர்களுக்கும் குடல் பாலிப் அதிகம். அவர்கள் இரத்தத்தில் இன்சுலினின் உறவான ஐ.ஜி.எஃப்-1 கூடுதலாக இருக்கும்.

இன்சுலின் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. தொப்பை, உட்கார்ந்த வாழ்க்கை, புகை, நார்ச்சத்துக் குறைந்த சாப்பாடு ஆகியவை இனிப்பு நீருக்கும் குடற்புற்றுக்கும் பொதுவான வாசல்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் இன்சுலின் ஊசியை நிறுத்திவிடக் கூடாது. ஊசி தேவைப்படுபவர் அதை நிறுத்தினால் வரும் கேடு நாளைக்கே வரும்.

*

ரப்பர்த் தோட்டத்து நாள்களை நினைத்துப் பார்க்கிறேன். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு, பிறகு ரப்பர்க் காடான தீம்பாருக்கு நடை. மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து பால் வெட்டு, பால் வாளியோடு மறுபடி நடை. மதியத்துக்குள் ஒரு நாளைக்கு வேண்டிய உழைப்பு முடிந்துவிடும். சோறும் சீனியும் அப்போதும் இருந்தன. கெட்டிப்பால் ஊற்றிய தேநீரும் இருந்தது. உடம்பு அதைச் செலவழித்தது.

கித்தா போய்ச் செம்பனை வந்தது. பிறகு தோட்டமே துண்டாடப்பட்டுத் தாமானும் தொழிற்சாலையும் வந்தன. பிள்ளைகள் தொழிற்பேட்டையில் ஷிஃப்டு வேலைக்குப் போனார்கள். நடை நின்றது. கோப்பையில் கெட்டிப்பால் நிற்கவில்லை. காலையில் ரொட்டி சானாய் அல்லது நாசி லெமாக், ஷிஃப்டு முடிந்து நள்ளிரவில் மீ கோரெங். கீரையும் பயறும் மேசையிலிருந்து மெல்லக் காணாமல் போயின. தோட்டத்தை விட்டு வந்த தலைமுறையின் நோய் இனிப்பு நீர் என்பேன்.

*

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். மலேசியாவில் குடற்புற்று அதிகம் தாக்குவது சீனர்களை. இனிப்பு நீரில் முன்னால் நிற்கும் நாம் அதில் முன்னால் இல்லை. தமிழ்நாட்டிலும் இனிப்பு நீர் பெருகிய அளவுக்குக் குடற்புற்று பெருகவில்லை. ஆக, இனிப்பு நீர் பல காரணங்களில் ஒன்று.

ஆனால் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி மலேசிய ஆண்களுக்கு மிக அதிகம் வரும் புற்று பெருங்குடல், மலக்குடல் புற்றுதான். பெண்களுக்கு மார்பகப் புற்றுக்கு அடுத்த இடம். குடற்புற்று கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வந்து சேர்ந்தார்கள். பத்து ஆண்டு அவகாசம் தரும் ஒரு நோயில் இத்தனை பேர் கடைசியில் வருகிறார்கள் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

*

ஏன் தாமதம்? வெளிக்குப் போகும்போது இரத்தம் பட்டால் நம் வீட்டில் வரும் முதல் பதில்: “உடம்புச் சூடு. மோர் குடி.” இரண்டாவது பதில்: “மூலமா இருக்கும்.” மூலமாகவே இருக்கலாம். பார்க்காமல் அதை யாரும் முடிவு செய்ய முடியாது. இனிப்பு நீர்க்காரருக்கு இரத்தம் குறைந்தால் சிறுநீரகத்தின் மேல் பழி போடுவது இன்னொரு வழக்கம். அதுவும் உண்மையாக இருக்கலாம். குடலில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தாலும் இரத்தம் குறையும்.

மலத்தில் இரத்தம், புதிதாக வந்து நிற்காத மலச்சிக்கல் அல்லது பேதி, காரணமில்லாத எடைக் குறைவு, சோகை. இவற்றில் எது இருந்தாலும் வயதைப் பார்க்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

*

அறிகுறி ஒன்றுமில்லாதவருக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. அரசாங்கத்தின் கிளினிக் கெசிஹாத்தானில் 50 முதல் 75 வயதுக்காரர்களுக்குச் செய்கிறார்கள். ஐ-ஃபாப்ட் என்பார்கள். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது. மூடியோடு ஒட்டிய சின்னக் குச்சியால் மலத்தில் நாலைந்து இடத்தில் தொட்டு, நீர்மருந்து உள்ள குழாயில் திருப்பிச் செருகிக் குலுக்குவது. அதில் சில துளியைச் சோதனை அட்டையில் விட்டால் கோடு தெரியும். ஒரு கோடு என்றால் இரத்தம் இல்லை. இரண்டு கோடு என்றால் இருக்கிறது. மனித இரத்தத்தை மட்டும் கண்டுபிடிப்பதால் முந்தின நாள் ஆட்டிறைச்சி சாப்பிட்டேனே என்று கவலைப்பட வேண்டாம்.

இரண்டு கோடு வந்தால் புற்று என்று அர்த்தமில்லை. உள்நோக்கிச் சோதனைக்கு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அதற்குப் போகாமல் இருப்பதுதான் தவறு. ஒரு கோடு வந்தவரும் அதோடு விட்டுவிடாமல் மறுபடி எப்போது செய்வது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சின்னப் பாலிப் எப்போதும் கசிவதில்லை.

பெற்றோர், கூடப்பிறந்தவர் யாருக்காவது குடற்புற்று வந்திருந்தால் 50 வரை காத்திருக்கக் கூடாது. அதை மருத்துவரிடம் சொல்லி, எப்போது தொடங்குவது என்று கேளுங்கள்.

*

உள்நோக்கிச் சோதனைக்குப் போகும் இனிப்பு நீர்க்காரருக்குச் சில:

முந்தின நாள் கெட்டியான சாப்பாடு கிடையாது. வழக்கமான மாத்திரையையும் ஊசியையும் அப்படியே எடுத்தால் சீனி இறங்கி மயக்கம் வரலாம். எதைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்று தேதி வாங்கும்போதே கேட்க வேண்டும். எம்பாகிளிஃப்லோசின், டாபாகிளிஃப்லோசின் வகை மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள்.

இனிப்பு நீர்க்காரரின் குடல் மெதுவாக நகரும். அதனால் வயிற்றைக் கழுவும் மருந்தைப் பாதியில் விடக் கூடாது. அழுக்கு நின்றால் பாலிப் மறைந்துகொள்ளும்.

சிவப்பு சிராப் வேண்டாம். உள்ளே பார்க்கும்போது இரத்தமா சிராப்பா என்ற குழப்பம் வரும்.

*

பாலிப்பை எடுத்தால் பயன் உண்டா? அமெரிக்காவில் நடந்த தேசியப் பாலிப் ஆய்வின் முடிவு 1993-இல் வந்தது. அடினோமா அகற்றப்பட்ட 1,418 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். எதிர்பார்த்ததைவிடக் குடற்புற்று 76 முதல் 90 விழுக்காடு வரை குறைந்திருந்தது. வருமுன் காப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அதிகம் இல்லை.

*

மெட்ஃபார்மின். நம் வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாத்திரை. ஜப்பானில் இனிப்பு நீர் இல்லாத, பாலிப் அகற்றப்பட்ட 151 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தினம் 250 மில்லிகிராம் ஓர் ஆண்டு கொடுத்தார்கள். 2016-இல் முடிவு வெளிவந்தது. மருந்து எடுத்தவர்களில் 38 விழுக்காட்டினருக்கு மறுபடி பாலிப், எடுக்காதவர்களில் 56.5. நல்ல செய்திதான். ஆனால் சின்ன ஆய்வு, ஒரே ஆண்டு. குடலைக் காக்க என்று யாரும் இதைத் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். இனிப்பு நீருக்காக எழுதிக் கொடுத்தவர்கள் ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும்.

*

மாசி மக விழாவின்போது மலாக்கா நகரத்திலிருந்து தேர் செங் சன்னாசிமலைக்கு வரும்போது வழிநெடுகச் சனம் நடக்கிறது. இனிப்பு நீர்க்காரர்களும் நடக்கிறார்கள். அந்தக் கால்களால் முடியும். ஆண்டுக்கொரு நாள் நடப்பதைத் தினம் அரை மணி நேரமாக்கினால் சீனிக்கும் நல்லது, குடலுக்கும் நல்லது.

*

கிளினிக்கில் இனிப்பு நீருக்கென்று தரும் பதிவுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். கண், கால், சிறுநீரகம் எல்லாம் ஆண்டுதோறும் பார்த்து எழுதுகிறார்கள். வயது 50 ஆகிவிட்டதா? அடுத்த தவணைக்கு மருந்து வாங்கப் போகும்போது, “டாக்டர், எனக்கு மலச் சோதனை செய்தாச்சா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.