கைக்கெட்டும் வண்டி

மோட்டார் வண்டி வாங்கப் புறப்படுவோர் முதலில் நிறத்தைப் பார்க்கின்றனர். பின்னர் இருக்கையில் அமர்ந்து பார்க்கின்றனர். அதன் பின்னரே விலையைக் கேட்கின்றனர். பொனற்றைத் திறந்து, "இது பழுதுற்றால் எமது கையால் திருத்தலாமா?" என்று கேட்போர் மிகச் சிலர். முதலிற் கேட்கவேண்டிய வினா அதுவே என்பது எமது துணிபு.

இத்துணிபு நூலிற் கற்றதன்று. 1990களில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எம்போன்றோர் கண்ணாற் கண்டது. பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அருமையாகிவிட்ட அந்நாளில், வீதியில் ஓடியவை பெரும்பாலும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளே. காபரேற்றரிற் சிறிது பெற்றோலை விட்டு எஞ்சினை முடுக்குவர். அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாதாதலின் அச்சூடு இன்றியமையாதது. அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்களே அதனைப் பொறுத்துக்கொண்டன. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். ஆதலால் அவ்வெண்ணெயை அடிக்கடி மாற்றவும் நேர்ந்தது.

1992ஆம் ஆண்டு மாரியில் ஓரிரவு, எமது தங்கைக்குத் தொய்வு முற்றி மூச்சு முட்டிற்று. அயல்வீட்டுப் பெரியவர் தமது மொறிஸ் மைனரில் எம்மையெல்லாம் ஏற்றிக்கொண்டு சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். கொக்குவிலை அண்மித்தபோது வண்டி நின்றுவிட்டது. அம்மா தங்கையை மார்போடு அணைத்தபடி முருகனை அழைத்தார். பெரியவர் பதறவில்லை. ரோச்சுக்குப் பற்றரி கிடையாத காலம். இருளிற் பொனற்றைத் திறந்து காதைக் கொடுத்தார். அவ்வண்டியின் பெற்றோல் பம்பு மின்சாரத்தால் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் "டிக், டிக்" என்று ஒலிக்க வேண்டும். அன்று ஒலிக்கவில்லை. "பம்புதான் ஒட்டிப்போச்சு தம்பி, பயப்பிடாதை" என்று எம்மிடம் கூறி, ஸ்பனரின் பிடியால் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினார். பம்பு மீண்டும் ஒலித்தது, வண்டி புறப்பட்டது. அத்தங்கை இன்று இரு பிள்ளைகளின் தாய்.

அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. 1970களின் தொடக்கம்வரை ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் வெளிவந்தன. அதன் எஞ்சினைச் சுற்றிக் கை நுழைய இடமுண்டு. பிளக்கின் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு; அதனை அளக்க ஒரு மெல்லிய தகடு போதும். பற்றரி இறங்கினால் முன்புறம் கைப்பிடியைச் செருகிச் சுழற்றலாம். எங்கே பிழை என்பதைக் கண்ணும் காதும் மூக்குமே சொல்லிவிடும்.

எனினும், எல்லோரும் மொறிஸ் மைனரையே வாங்குக என்று நாம் சொல்லவரவில்லை. அதிற் காற்றுப்பை இல்லை. அதன் பிரேக்குகள் இன்றைய வேகத்திற்கு ஏற்றவையல்ல. முன்சில்லைத் தாங்கும் மூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் இடாதுவிடின் சில்லே மடிந்துவிடக்கூடும். பிள்ளைகளோடு நெடுந்தூரம் செல்வோர்க்குப் புதிய வண்டியின் பாதுகாப்பே பெரிது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அவ்விடைக்காலத்திற் பழைய வண்டியைப் பேணிக் காத்தோரே தப்பினர். இன்று புதியவற்றைக் கண்டு மயங்குமுன் சிலவற்றை நோக்குதல் நன்று. பிளக், காற்று வடிகட்டி, பற்றரி, பியூஸ், முன்விளக்கின் பல்ப் ஆகியவற்றைக் கழற்றக் கை எட்டுகின்றதா? அதே இன வண்டிகள் உமது ஊரிற் பல ஓடுகின்றனவா? ஓடினால் உதிரிப்பாகமும் கிடைக்கும், கைதேர்ந்தவரும் கிடைப்பார். திருத்தும் முறையை விளக்கும் கைநூல் கிடைக்கின்றதா? இலத்திரனியற் கட்டுப்பாடுள்ள வண்டியாயின், பிழைக்குறியை வாசிக்கும் சிறு கருவியொன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆயின் அக்குறி நோயின் அறிகுறியைக் கூறுமேயன்றிக் காரணத்தைக் கூறாது. காரணத்தை நாமே தேடவேண்டும்.

தொடக்கூடாதவையும் உள. ஹைபிரிட் வண்டிகளிற் செம்மஞ்சள் நிறக் கம்பிகளில் உயர் மின்னழுத்தம் ஓடும். காற்றுப்பை வெடித்து விரிவது. இவை பயின்றவர்க்கே உரியன. ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழே ஒருபோதும் படுக்கலாகாது.

எமது வீட்டில் நிற்பது 796 சீசீ கொண்ட பழைய மாருதி 800. இந்தியாவில் 1983இல் தொடங்கிய அதன் உற்பத்தி 2014இல் நின்றுபோயினும், எம்முடைய ஓட்டம் கல்லூரிக்கும் சந்தைக்குமே ஆதலின் அது போதுமாயிருக்கின்றது. உயர்தர வகுப்பிற் பெளதிகம் பயிலும் மகள், அதன் மூன்று பிளக்குகளையும் தானே கழற்றித் துடைத்துப் பூட்டுகின்றாள். மின்தூண்டலைப் பற்றி நாம் கரும்பலகையிற் பலமுறை எழுதிக் காட்டியதிலும், தன் கையிலுள்ள பிளக்கிற் பொறி பறந்ததைக் கண்டபோதே அவள் அதிகம் வினவினாள்.

மாணவர்களே, வீட்டில் வண்டி வாங்கும் பேச்சு எழுந்தால் நீங்களும் உடன்செல்லுங்கள். பெரியோர் விலை பேசட்டும்; நீங்கள் பொனற்றைத் திறக்கச் சொல்லுங்கள்.