சாமிகளுக்குச் சோறிடும் சாலை

திண்டுக்கல்லையும் கொல்லத்தையும் இணைக்கும் 183ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தேனி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என ஊர் ஊராகத் தொட்டுச் சென்று, லோயர் கேம்பில் மலையேறி, குமுளியில் கேரளத்துக்குள் நுழைகிறது. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, நடுவே முல்லைப் பெரியாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கு. மற்ற மாதங்களில் நெல்லும் வாழையும் பன்னீர் திராட்சையும் போகிற இந்தச் சாலை, கார்த்திகை பிறந்ததும் சபரிமலைச் சாமிகளின் சாலையாகிவிடும்.

போடிநாயக்கனூருக்கு 2023 ஜூனில் அகல ரயில் பாதை வந்துவிட்டது. ஆனால் கம்பத்துக்கோ குமுளிக்கோ ரயில் கிடையாது. அதனால் மதுரை, திருச்சிப் பக்கமிருந்து இவ்வழியே வரும் சாமிகள் பேருந்திலும் வேனிலும் காரிலும்தான் வந்தாக வேண்டும். நடந்தே வருகிறவர்களும் உண்டு. கூட்டம் மிகும் நாட்களில் மலைக்குப் போகும் வண்டிகளைக் கம்பத்திலிருந்து பிரியும் கம்பம்மெட்டுச் சாலை வழியாக ஏற்றி, திரும்பும் வண்டிகளைக் குமுளி மலைச்சாலை வழியாக இறக்குகிறார்கள். இரவென்றும் பகலென்றும் பாராமல் வரும் அத்தனை பேருக்கும் பசிக்கும்.

மாலை போட்டவர் கண்ட இடத்தில் சாப்பிட முடியாது. விரதத்துக்குப் பழுதில்லாத சைவச் சோறு வேண்டும். குளிக்கத் தண்ணீர் வேண்டும். இருமுடியை இறக்கிவைக்கச் சுத்தமான இடம் வேண்டும். இதை அறிந்த ஊர்க்காரர்கள் சாலையோரம் பந்தல் போட்டு அண்டா ஏற்றுகிறார்கள். வெண்பொங்கல், உப்புமா, சாம்பார் சாதம், புளியோதரை, சுக்குக் காபி என எது முடிகிறதோ அது. “வாங்க சாமி, சாப்பிட்டுப் போங்க” என்ற அழைப்பில் சாதியும் ஊரும் விசாரிக்கப்படுவதில்லை. குருசாமியும் கன்னிசாமியும் ஒரே பந்தியில் உட்கார்கிறார்கள். பரிமாறுகிறவரும் சாமி, சாப்பிடுகிறவரும் சாமி. ஐயப்பனையே ‘அன்னதானப் பிரபு’ என்று சரணம் சொல்லி அழைக்கும் மரபல்லவா!

யாத்திரிகருக்குச் சோறிடுவதை ஒரு சமயத்தின் நடுத்தூணாகவே நிறுத்தியவர்கள் சீக்கியர்கள். குருநானக் தொடங்கிய பொது அடுக்களைக்கு லங்கர் என்று பெயர். இரண்டாம் குருவின் மனைவி மாதா கீவி அதை ஏற்று நடத்தினார். முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பிறகுதான் தரிசனம் என்று வகுத்தார் மூன்றாம் குரு அமர்தாஸ். அமிர்தசரஸ் பொற்கோயிலில் நாள்தோறும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிச் சாப்பிடுகிறார்கள். லங்கரில் சமைப்பது தொண்டின் ஒரு பாதிதான். எச்சில் தட்டைக் கழுவுவதும், தரையைப் பெருக்குவதும், வந்தவரின் செருப்பை வாங்கி அடுக்கிவைப்பதும் மறு பாதி. வசதி படைத்தவர்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கின் சோற்றுக்கும் ஒரு பூர்வகதை உண்டு. 1895இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பியது. அந்தத் தண்ணீரில்தான் இங்கே 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிறது. ஜனவரி 15 பென்னிகுவிக் பிறந்த நாள். சபரிமலை மகரஜோதியை ஒட்டி வரும் அந்த நாளில் பாலார்பட்டிக்காரர்கள் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். தண்ணீர் கொடுத்தவரை மறக்காத ஊர்கள், வழிப்போக்கருக்குச் சோறிட யோசிப்பதில்லை.

சபரிமலைக் காலத்தோடு இந்தச் சோறிடல் முடிவதுமில்லை. சித்திரைப் பௌர்ணமியன்று, ஆண்டுக்கு அந்த ஒரே நாள், மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போகலாம். குமுளியிலிருந்து ஜீப்பில் போகிறவர்களும் பளியங்குடியிலிருந்து காட்டுவழியே நடந்து ஏறுகிறவர்களும் மேலே பசியோடு நிற்பதில்லை. அங்கும் அன்னதானம் உண்டு. கோயில் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. தண்ணீரை வழிநெடுக வைத்துவிடுகிறார்கள். தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் முன்கூட்டியே கூடிப் பேசி ஏற்பாடு செய்கின்றன. வரும் கூட்டத்தையும் காட்டையும் சேர்த்துக் காப்பாற்ற முடியும் என்பதை அந்த ஒரு நாள் காட்டுகிறது.

நெடுஞ்சாலையில் அந்த ஒழுங்கு வர வேண்டியிருக்கிறது. பந்தி முடிந்ததும் சாலையோரம் கிடக்கும் தட்டும் கப்பும் மழையில் வாய்க்காலுக்குப் போகின்றன. வாய்க்கால் நீர் அடுத்த போகத்து வயலுக்குப் போகிறது. லங்கரில் போல, இலை எடுக்கவும் இடம் கூட்டவும் சாப்பிட்ட சாமிகளையே அழைத்தால் அவர்கள் மறுக்கப்போவதில்லை. அதுவும் விரதத்தில் சேர்ந்ததுதான்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று ஓட்டுநரின் தூக்கம். 2022 டிசம்பரில் குமுளி மலைச்சாலையில் வேன் கவிழ்ந்து, தரிசனம் முடித்துத் திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதி பக்தர்கள் 8 பேர் இறந்தார்கள். வளைந்திறங்கும் அந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறவருக்குக் கண் தெளிவாக இருக்க வேண்டும். சாமிகளுக்கு இலை போடும் ஊர், ஓட்டுநருக்கு ஒரு பாயும் விரிக்கலாம். மலையேறும் முன் கூடலூரிலும் லோயர் கேம்பிலும், இறங்கும் முன் குமுளியிலும், இரண்டு மணி நேரம் படுத்தெழுந்து முகம் கழுவிப் போக ஓட்டுநர் கூடங்கள் வேண்டும். அண்டாவும் அரிசியும் திரட்டத் தெரிந்த அன்னதானக் குழுக்கள் பஞ்சாயத்துகளோடும் நகராட்சிகளோடும் ஆடியிலேயே உட்கார்ந்து பேசினால், கார்த்திகைக்குள் கூரை எழும்பிவிடும்.