யாருடைய பிள்ளைகள்?

எண்பதுகளின் நடுப்பகுதியில் சுவிஸுக்கு வந்திறங்கிய பெடியளுக்கு மூத்தவர்கள் உடுப்பைப் பற்றியும் புத்தி சொன்னார்கள். "தம்பி, அந்தத் தோல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நிக்காதை. தூள்காரன் எண்டு பிடிச்சுப்போடுவாங்கள்." தோல் ஜாக்கெட் போட்ட தமிழன் ஹெரோயின் விற்பவன் என்று பத்திரிகைகள் எழுதிய காலம் அது. தூள் வழக்குகளில் எங்களில் சிலர் அகப்பட்டது உண்மைதான். அந்தச் சிலரால், போக்கிடமின்றி ஸ்டேஷன் சூட்டுக்குள் ஒதுங்கிய அகதிகள் அத்தனை பேர் மீதும் சந்தேகம் விழுந்தது.

ஆனால் தூளைக் குத்திக்கொண்டவர்கள் யார்? சூரிச் பிரதான ரயில் நிலையத்தைத் தாண்டி, தேசிய அருங்காட்சியகத்துக்குப் பின்னால், சீல் ஆறு லிம்மாத்தோடு சேரும் முனையில் இருக்கிறது பிளாட்ஸ்பிட்ஸ் பூங்கா. எண்பதுகளின் கடைசியில் அங்கே பகிரங்கமாக ஹெரோயின் விற்றார்கள், பகிரங்கமாகவே குத்திக்கொண்டார்கள். பொலிஸ் பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டது. கோப்பை கழுவும் வேலை முடிந்து அந்தப் பக்கமாக வரும்போது நான் பார்த்திருக்கிறேன். சிலர் சின்ன மேசை போட்டு கரண்டி, தண்ணீர், தூளைக் கரைக்கும் புளிப்பு மா எல்லாம் வைத்திருப்பார்கள். அவற்றைப் பாவிக்கக் கொடுப்பதற்குக் கூலி காசு அல்ல. மருந்தை வடித்த சிகரெட் பஞ்சு. அந்தப் பஞ்சுகளைச் சேர்த்து, மறுபடி காய்ச்சி, மிஞ்சிய தூளைத் தாங்கள் ஏற்றிக்கொள்வார்கள். கை நரம்பு செத்தவர்கள் கழுத்தில் குத்தினார்கள். பெரும்பாலானோர் இந்த நாட்டுப் பிள்ளைகள். கிராமத்திலிருந்து ரயிலேறி வந்தவர்களும் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் மேற்கு ஐரோப்பாவில் எச்.ஐ.வி. மிக மோசமாகப் பரவிய நாடுகளில் சுவிஸும் ஒன்று. ஊசியைப் பகிர்வதாலும் அது பரவும். அப்படியிருந்தும் 1985இல் சூரிச் மாநில சுகாதார அதிகாரிகள் சுத்தமான ஊசி கொடுப்பதைத் தடுத்தார்கள். மருத்துவர்கள் கிளர்ந்தெழுந்த பிறகே தடை விலகியது. பேர்ணில் 1986இல் கண்காணிப்போடு போதை ஏற்றிக்கொள்ளும் அறை திறந்தார்கள். உலகில் அதுவே முதலாவது.

1992 பெப்ரவரி 5ஆம் திகதி பூங்காவை மூடினார்கள். கூட்டம் கலைந்து, கொஞ்சத் தூரத்தில் கைவிடப்பட்ட லெட்டன் ரயில் நிலையத்தில் கூடியது. அதையும் 1995இல் மூடினார்கள். பூட்டுப் போட்டதால் மட்டும் அடங்கியதென்று நான் நம்பவில்லை. 1994இலேயே, தீராத அடிமைகளுக்கு மருத்துவர் மேற்பார்வையில் ஹெரோயினையே மருந்தாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் 'பைத்தியக்காரர்' என்பார்கள். 2008 நவம்பரில் சுவிஸ் மக்களில் 68 வீதத்தினர் இதற்கு ஆம் என்று வாக்களித்தார்கள். அதே நாளில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கக் கேட்டதைத் தோற்கடித்தவர்களும் இவர்கள்தான். ஆகவே தாராள மனம் என்று புகழத் தேவையில்லை. சொந்தப் பிள்ளைகள் சாவதைப் பார்த்த சனம்.

இப்போது எங்கள் முறை. ஒரு பெடியன் தூளில் விழுந்தால் நாங்கள் முதலில் மறைப்பது அயலவருக்கு. அடுத்தது, ஊருக்கு அனுப்பிக் கலியாணம் கட்டிவைக்கும் யோசனை. யாழ்ப்பாணத்திலேயே ஐஸ் போதை புழங்குகிற காலத்தில் அனுப்பி என்ன செய்வது? இங்கே போதை ஆலோசனை நிலையங்கள் இருக்கின்றன. அங்கே பேசுவது அந்த அறையை விட்டு வெளியே போகாது. மருத்துவருக்கும் இரகசியம் காப்பது சட்டக் கடமை. சொந்தக்காரர் என்ன சொல்வார்கள் என்று பார்த்துக்கொண்டிராமல், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.