நான் போட்ட விலை

2019 மே மாதம், ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளில் இலவசமாக வைக்கப்படும் ஒரு மாதப் பத்திரிகையில், வில்லியம் நீலாண்டரை விற்றுவிட வேண்டும் என்று எழுதினேன். ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் பனி ஹொக்கி அணியின் முன்வரிசை ஆட்டக்காரர் அவர். அந்த மாதம் முதலாம் திகதிதான் அவருக்கு 23 வயது நிறைந்திருந்தது. ஏப்ரல் கடைசியில், முதல் சுற்றில் பொஸ்ரனிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றிருந்தோம். ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. நல்ல தடுப்பாட்டக்காரர் ஒருவர் கிடைத்தால் ஒன்றுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடலாம் என்று நான் விலை போட்டேன்.

அந்த விலை பிழை. எப்படிப் பிழைத்தது என்பதை இத்தனை வருடமாக ஒருவரிடமும் சொல்லவில்லை.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். தேசிய ஹொக்கி லீக்கில் 18, 19 வயதில் சேரும் பையன் மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு உச்ச வரம்பு உண்டு. மூன்று ஆண்டு முடிந்த பிறகும் அவன் நினைத்த இடத்துக்குப் போய்விட முடியாது. இன்னோர் அணி கூடுதல் சம்பளம் தர முன்வந்தாலும், பழைய அணி அதே தொகையைக் கொடுத்து அவனை மறித்துவைக்கலாம். ஆகவே அணிகள் ஒன்றின் பையனை இன்னொன்று தொடுவது அரிது. பேரம் பேச அவன் கையில் இருப்பது ஒன்றுதான்: கையெழுத்துப் போடாமல் வீட்டில் இருப்பது. டிசம்பர் முதலாம் திகதி தாண்டினால் அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியாது. நீலாண்டர் 2018இல் அந்தக் கடைசி நாள் வரை இருந்தார். கெடு முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஆறு ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டார். ஆண்டுக்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட 70 லட்சம் டொலர்.

அவர் வீட்டில் இருந்த அந்த இரண்டு மாதமும் நான் அந்தப் பிள்ளையை வெறுத்தேன். வேறு சொல் இல்லை.

நான் 1991இல் இந்த நாட்டுக்கு வந்தேன். இரவு வேலை, பிளாஸ்ரிக் தொழிற்சாலை. பதினொரு வருடம் அங்கே நின்றேன். ஹொக்கி பார்க்கப் பழகியதும் அந்தத் தொழிற்சாலைக் கன்ரீனில்தான்; 1993இல் டக் கில்மர் ஆடிய லீஃப்ஸ் அணி கடைசி நாலு அணிகளுக்குள் போன வசந்தத்தில், இடைவேளைப் பதினைந்து நிமிடத்தையும் தொலைக்காட்சிக்கு முன்னால் கழித்தோம். அந்தப் பதினொரு வருடத்தில் ஒரு முறைகூடச் சம்பளம் கூட்டிக் கேட்கவில்லை. பக்கத்து இயந்திரத்தில் நின்ற பிலிப்பீன்ஸ் பெண் கேட்டார், அவருக்குக் கூட்டிக் கொடுத்தார்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். அந்தப் பயத்துக்கு அடக்கம் என்று பெயர் வைத்து அதில் பெருமையும் பட்டேன். அப்படிப்பட்டவனின் கண்ணுக்கு, 22 வயதில் தன் விலையைத் தானே சொல்லிவிட்டு வீட்டில் இருந்த ஒருவன் எப்படித் தெரிந்திருப்பான்?

நீலாண்டர் டிசம்பரில் வந்து 54 ஆட்டம் ஆடினார். ஏழே கோல், மொத்தம் 27 புள்ளி. ஒவ்வொரு முறை அவர் அடித்த பக், அதாவது ஹொக்கித் தட்டு, கம்பத்தில் பட்டுத் திரும்பும்போதும் எனக்கு உள்ளூர இனித்தது. என் சொந்த அணியின் ஆட்டக்காரர் கோல் போடாததில் நான் சந்தோஷப்பட்டேன். இதைத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இவ்வளவு தூரம் வந்தேன்.

அதற்கு முந்தைய இரண்டு பருவங்களிலும் அவர் 61, 61 என்று புள்ளி எடுத்திருந்தார். பயிற்சி முகாமே இல்லாமல், பருவத்தின் நடுவில் பனியில் இறங்கிய ஒருவரின் 54 ஆட்டத்தை விட, அந்த இரண்டு பருவத்து 163 ஆட்டம் பெரிய சாட்சி. கோல் எண்ணிக்கை ஏறும், இறங்கும். பக்கைத் தன் பகுதியில் எடுத்து, நடுக்களத்தைக் கடந்து, எதிரணியின் நீலக்கோட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் கை அப்படி இறங்காது. அந்தக் கை அந்தக் குளிர்காலத்திலும் அவரிடம் இருந்தது. நான் கண்ணால் பார்த்தேன். முன்வரிசைக்காரருக்கு இருபதுகளின் நடுப்பகுதிதான் உச்சம். அந்த உச்சம் முழுவதும் விலை பேசி முடித்த ஒப்பந்தத்துக்குள் இருந்தது. இளம் ஆட்டக்காரரின் பெறுமதி என்றால் இதுதான். விற்பவன் பார்க்க வேண்டியது வரப்போகும் ஆண்டுகளை. நான் போன நாலு மாதத்தைப் பார்த்தேன்.

61, 61 என்ற எண்களை நான் பத்தியில் போடவில்லை. மறந்துவிடவில்லை, போட்டால் என் வாதம் நிற்காது என்று தெரிந்து விட்டுவிட்டேன். முன்னுதாரணமாக எட்மன்ரனைக் காட்டினேன். 2016இல் அவர்கள் ரெய்லர் ஹாலைக் கொடுத்து அடம் லார்சன் என்ற தடுப்பாட்டக்காரரை ஒன்றுக்கு ஒன்றாக வாங்கினார்கள். அதைத் துணிச்சலான முடிவு என்று எழுதினேன். அதே ஹால் நியூ ஜேர்சிக்குப் போய், 2018இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையை வாங்கியிருந்தார். அதையும் எழுதவில்லை. எங்கள் அணியே 2006இல் 19 வயது ருக்கா ராஸ்க்கை பொஸ்ரனுக்குக் கொடுத்து அன்ட்ரூ ரேக்ரொஃப்டை வாங்கியது. ரேக்ரொஃப்ட் இரண்டு பருவம் நின்றார். ராஸ்க் 2014இல் லீக்கின் சிறந்த கோல் காப்பாளரானார். இதையெல்லாம் பார்த்து வயிறெரிந்த ஆள் நான். படிப்பினை தெரியாதவனாக இருந்து எழுதவில்லை.

என் தங்கையின் மகன் அப்போது பள்ளி மாணவன். நீலாண்டரின் 29ஆம் இலக்கச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு திரிவான். பத்திரிகையைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டான்: "மாமா, நீங்கள் அவர் விளையாடினதைப் பார்த்தா எழுதினனீங்கள், இல்லாட்டி சம்பளத்தைப் பார்த்தா?" சின்னப் பிள்ளை, உனக்கு விளங்காது என்றேன். அவனுக்குத்தான் விளங்கியிருந்தது.

அணியின் அப்போதைய பொது முகாமையாளர் கைல் டுபாஸ், தான் இருக்கும்வரை நீலாண்டரை விற்கமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார், சொன்னபடி நின்றார். அடுத்த பருவம் 31 கோல். 2022-23இல் 40, அதற்கடுத்த பருவமும் 40. 2024 ஜனவரியில் எட்டு ஆண்டுக்கு 9 கோடியே 20 லட்சம் டொலர் ஒப்பந்தம். நான் வாயைத் திறக்கவில்லை. பத்தியை யாரும் நினைவுபடுத்தவுமில்லை.

போன வருடம் மருமகனுக்கு முதல் வேலை கிடைத்தது. சொன்ன சம்பளம் குறைவு, கூட்டிக் கேட்கலாமா என்று என்னிடம் கேட்டான். "தாறதை வாங்கிக்கொண்டு போ, தம்பி" என்று என் வாய் தன்பாட்டில் சொன்னது. சொன்ன கையோடு எனக்கு அந்த 2018 குளிர்காலம் நினைவுக்கு வந்தது. அன்றிரவு தொலைபேசியில் கூப்பிட்டு, நான் சொன்னதைக் கேட்காதே, கேட்கிறதைக் கேள் என்றேன். அவன் முன்பே கேட்டுவிட்டிருந்தான். கொடுத்துவிட்டார்கள்.

2019 மே மாதப் பத்தியை வைத்து யாராவது என்னோடு சேர்ந்து அந்தப் பிள்ளையைப் பேராசைக்காரன் என்று நினைத்திருந்தால், தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். எண்களை மறைத்தவன் நான்.