பழைய கணினியும் முதல் பிழைச் செய்தியும்

காலாவதியான இயங்குதளம் ஒன்றில் இன்றைய திறந்த மூல மென்பொருளைக் கட்டியெழுப்ப முனைபவர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி தொழில்நுட்பம் சார்ந்ததன்று. "இதற்கு ஏன் இத்தனை பாடு?" என்பதே அந்தக் கேள்வி. கனடாவிலிருக்கும் என் மருமகனும் தொலைபேசியில் அதையே கேட்டான். "மாமா, உந்தப் பழசோட ஏன் மாரடிக்கிறியள்? புதிசா ஒண்டு வாங்கி அனுப்பிவிடுறன்" என்றான். அவனுக்குச் சொன்ன விடையை வாசகர்களுக்கும் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

என்னிடமிருப்பது பவர்பிசி ஜி4 சில்லில் இயங்கும் ஒரு மக்கின்டோஷ் கணினி. அதன் இயங்குதளம் 2005 ஏப்ரலில் வெளிவந்த மக் ஓஎஸ் எக்ஸ் 10.4, டைகர் என்ற பெயருடையது. நான் பத்திரிகைகளுக்கு எழுதியவற்றில் பெரும்பகுதி பேஜ்மேக்கர் கோப்புகளாகவே எஞ்சியுள்ளது. அச்சான இதழ்களில் பல என்னிடம் இல்லை. இடப்பெயர்வுகளில் வீட்டோடு போனவை பாதி, கறையான் தின்றது மீதி. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்கள் பின்னாளில் என்னிடம் கூறிய நினைவுகள் இக்கோப்புகளில் உள்ளன. கூறியவர்களிற் பலர் இன்று உயிரோடில்லை. மறுபடி கேட்டெழுத வழியில்லை.

பேஜ்மேக்கர் புதிய மக் இயங்குதளத்துக்கென ஒருபோதும் மாற்றியமைக்கப்படவில்லை. பழைய மக் ஓஎஸ் 9 செயலிகளை உள்ளே வைத்து ஓட்டும் 'கிளாசிக்' என்ற ஏற்பாட்டின் மூலமே அது இயங்கும். 2007இல் வந்த 10.5 பதிப்பில் கிளாசிக் இல்லை. இன்டெல் சில்லுள்ள மக் கணினிகளிலும் அது இல்லை. மறுபுறம், யுனிகோட் தமிழைத் திரையில் காட்டும் வசதி டைகரில் எழுத்துருவுடன் சேர்ந்தே வந்தது. ஆகவே, பழைய பக்கத்தையும் அதன் யுனிகோட் வடிவத்தையும் ஒரே திரையில் அருகருகே வைத்து ஒப்புநோக்குவதற்கு டைகர்தான் பாலம். புதிய கணினியை அனுப்பினால் பாலத்தின் ஒரு கரை மட்டுமே கிடைக்கும்.

ஒப்புநோக்கல் ஏன் அவசியம்? பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. அவற்றில் 'கொ' என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் மூன்று துண்டுகளாகச் சேமிக்கப்படும். யுனிகோடில் ககரம் முதலில் வரும், ஒகர உயிர்க்குறி பின்னர் வரும். எனவே மாற்றிக்கு எழுத்தைப் பெயர்த்தால் மட்டும் போதாது, வரிசையையும் திருப்பிப் போட வேண்டும். எங்கேனும் ஒரு கொம்பு இடம் மாறினால் ஓர் ஊரின் பெயரே வேறாகிவிடும். மருமகன் எழுதித் தந்த மாற்றி பைத்தன் 3இல் இயங்குவது. டைகரோடு வந்ததோ பைத்தன் 2.3. இவ்விடத்தில்தான் கட்டுமானப் பணி தொடங்கியது.

முதல் தடை மூலநிரலை இறக்குவதிலேயே வந்தது. டைகரிலுள்ள ஓபன்எஸ்எஸ்எல் நூலகம் டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு நெறிமுறை உருவாகிய 2008ஆம் ஆண்டுக்கு முற்பட்டது. அது அறிந்த பழைய நெறிமுறைகள் 2021இல் முறைப்படி கைவிடப்பட்டன. எனவே பெரும்பாலான தளங்கள் அதனோடு பேச மறுக்கின்றன. இதற்குத் தீர்வு எளிது. வேறொரு கணினியில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்து சேர்த்தேன்.

இரண்டாவது தடை தொகுப்பான், அதாவது கொம்பைலர். டைகரில் கிடைப்பது ஜிசிசி 4.0. இன்றைய பைத்தன்களோ சி மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரத்தை எதிர்பார்க்கின்றன. புதிய ஜிசிசியைக் கட்டிக்கொள்ளலாமே என்றால் அங்கும் ஒரு முடிச்சு. 2013இன் ஜிசிசி 4.8 முதல் அதைக் கட்டுவதற்கே சி++ தொகுப்பான் வேண்டும். 2021இன் ஜிசிசி 11ஐக் கட்ட, சி++ மொழியின் 2011 தரத்தை அறிந்த தொகுப்பான் வேண்டும். நான்கிலிருந்து பதினொன்றுக்குத் தாவ இயலாது. படிப்படியாகத்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் தொகுப்பானே அடுத்த படியைக் கட்டித் தரும்.

இந்த ஏணியைத் தனியொருவர் செய்ய வேண்டியதில்லை என்பது பெரும் ஆறுதல். மக்போர்ட்ஸ் என்ற தன்னார்வத் திட்டம், எந்த மென்பொருளுக்கு எது முன்தேவை, பழைய இயங்குதளத்தில் எங்கே ஒட்டுப்போட வேண்டும் என்பவற்றைக் குறிப்புகளாகத் தொகுத்து வைத்திருக்கிறது. ஆயினும் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று எண்ணிவிடக்கூடாது. இடையில் நிற்கும்போது ஏன் நின்றது என்று அறியத் தெரிந்திருக்க வேண்டும்.

திரையில் பிழைச் செய்திகள் நூற்றுக்கணக்கில் ஓடும்போது எவருடைய கண்ணும் கடைசி வரியிலேயே நிலைக்கிறது. கடைசி வரி பெரும்பாலும் 'பிழை காரணமாக நிறுத்தப்பட்டது' என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. மேலே சென்று முதற்பிழையைத் தேட வேண்டும். பின்னால் வரும் நூறும் அந்த ஒன்றின் பிள்ளைகளாக இருக்கக்கூடும். வேலையைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டினால் செய்திகள் ஒன்றோடொன்று கலந்து வரும். பிழை தேடும்போது ஒரு வேலையாக மட்டும் ஓட்டுவது நல்லது.

பிழை எந்தக் கட்டத்தில் எழுந்தது என்பதும் பாதி விடையைத் தந்துவிடும். 'கொன்ஃபிகர்' என்ற ஆயத்தக் கட்டத்தில் நின்றால் ஏதோ ஒரு முன்தேவை இல்லை என்று பொருள். உண்மைக் காரணம் திரையில் அன்றி அது எழுதிவைக்கும் பதிவேட்டில் இருக்கும். தொகுக்கும் கட்டத்தில் இலக்கணப் பிழை என்றால் தொகுப்பான் பழையது என்று சந்தேகிக்கலாம். இணைக்கும் கட்டத்தில் 'வரையறுக்கப்படாத குறியீடு' என்று வந்தால், நிரல் அழைக்கும் ஏதோவொன்று இயங்குதளத்தில் இல்லை. உதாரணமாக, நேரத்தை அறியப் பல மென்பொருள்கள் அழைக்கும் 'கிளொக் கெட்டைம்' என்ற செயற்கூறு ஆப்பிள் இயங்குதளத்தில் 2016இன் சியெரா பதிப்பில்தான் வந்தது. டைகரில் அது இருக்க நியாயமில்லை. இத்தகைய இல்லாமைகளை நிரப்பவே மக்போர்ட்ஸ் ஒரு தனி நூலகத்தை வைத்திருக்கிறது. அதை இணைத்ததும் பல பிழைகள் ஒருசேர மறைந்தன.

இன்னொரு தொல்லை நம் நாட்டுக்கே உரியது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டு ஆண்டிறுதியிலும் முற்றாக ஓயவில்லை. தொகுப்பானைக் கட்டும் வேலையோ இந்த இயந்திரத்தில் ஒரு நாளுக்குள் முடிவதில்லை. 'மேக்' என்ற கட்டளை கோப்புகளின் நேரமுத்திரையைப் பார்த்து, முடிந்ததை விட்டு மிகுதியைத் தொடரும். ஆனால் என் கணினியின் உள்மின்கலம் செத்துப்போனதால் ஒவ்வொரு மின்வெட்டின் பின்னும் அதன் கடிகாரம் 1970க்குத் திரும்பியது. நேற்றுக் கட்டிய கோப்புகளெல்லாம் அதன் கணக்கில் எதிர்காலத்தில் பிறந்தவை. எது பழையது, எது புதியது என்று தெரியாமல் 'மேக்' குழம்பியது. மின்சாரம் வந்ததும் முதலில் கடிகாரத்தைச் சரிசெய்வது, பாதியில் எழுதப்பட்ட கடைசிக் கோப்பை அழிப்பது, பின்னரே வேலையைத் தொடர்வது என்ற ஒழுங்கு ஏற்பட்டது. பின்னர் மின்கலத்தை மாற்றியதும் அத்தொல்லை நீங்கியது.

மாற்றி இயங்கத் தொடங்கியதும் முதலிற் பெயர்த்தது அந்த இடப்பெயர்வு நினைவுகளைத்தான். பழைய பக்கத்தையும் புதிய எழுத்தையும் வரி வரியாக ஒப்புநோக்கி, சரியெனக் கண்டவற்றின் பிரதிகளைக் கனடாவுக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன். மிகுதி வேலை நடக்கிறது.

இதிலிருந்து வாசகர்களுக்குச் சொல்ல இரண்டு உண்டு. கதவு மூடப்பட்ட மென்பொருளாயின், விற்றவர் கைவிட்ட நாளோடு நமக்கும் வழி அடைபடும். மூலநிரல் திறந்திருந்தால், பொறுமையுள்ள எவரும் பழைய இயந்திரத்தில் அதனை மீண்டும் எழுப்ப உரிமையுண்டு, வழியும் உண்டு. மற்றையது, அந்த வழியும் என்றென்றைக்கும் அன்று. பழைய இயங்குதளங்களுக்காக ஒட்டுப்போடும் தன்னார்வலர்கள் வரவரக் குறைவர், வட்டுகள் தேயும், இயந்திரங்கள் ஓயும். பழைய எழுத்துருவில் எழுதியவற்றை வைத்திருக்கும் எழுத்தாளர்கள், ஊர்ச் சங்கங்கள், கோயில் மலர்க்குழுவினர் யாவரும் அவற்றை இன்றே யுனிகோடுக்குப் பெயர்த்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்துவிட வேண்டும். பெயர்த்தபின், அசலோடு ஒருமுறை ஒப்புநோக்கவும் மறவாதீர்கள்.